பெய்ஜ் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே பெய்ஜ் நிற லெதர் சீட். டிரைவர் சீட்டின் ஓரம் கறுத்துப் பளபளக்கிறது. தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. ஆயுத பூஜைக்குப் பிறகு பின் சீட்டில் ஒரு மஞ்சள் கறை. வாராவாரம் ஏற்காடு போய் வருகிறார். மழைக்காலத்தில் மேலே இரண்டு மூன்று நாள் வண்டி நின்றால் சீட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. "தேங்காய் எண்ணெய் தடவினால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று மாமா சொல்கிறார். வாட்டர் வாஷ் கடையில் பாலிஷ் அடிக்கலாம் என்கிறார்கள். எதைச் செய்வது?" இதுதான் கேள்வி.

இரண்டுமே வேண்டாம். சேலத்தில் பல வருடமாகக் கார் சீட் தைப்பது, நிறம் கொடுப்பது, சுத்தம் செய்வது என்று இதே வேலையில் இருக்கிறேன். கெட்டுப்போய் என்னிடம் வருகிற லெதர் சீட்டுகளில் காய்ந்து கெட்டவை குறைவு. அழுக்கோடு தேய்ந்து கெட்டவைதான் அதிகம். அதனால் முதலில் சுத்தம், அப்புறம்தான் கன்டிஷனர் என்கிற லெதர் கிரீம். சுத்தம் செய்யாத சீட்டுக்கு எவ்வளவு விலை உயர்ந்த கிரீம் தடவினாலும் அது அழுக்கின் மேல்தான் உட்காரும்.

மாமா சொல்வதில் ஒரு அனுபவம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. புதுச் செருப்பு கடித்தால் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி இரவு முழுக்க வைப்போம், காலையில் தோல் இளகியிருக்கும். அந்தச் செருப்புத் தோல் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்டது. அதன் மேல் பூச்சு கிடையாது, எண்ணெய் நேராக நாருக்குள் இறங்கும். கார் சீட் லெதர் அப்படி இல்லை. குரோம் உப்பிலோ வேறு ரசாயனத்திலோ பதனிட்டு, சாயமேற்றி, அதன் மேல் நிறப்பூச்சு அடித்து, எல்லாவற்றுக்கும் மேலே பாலியூரித்தேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வெயில், வியர்வை, உராய்வு மூன்றையும் தாங்க அந்தப் படலம் தேவை. நீங்கள் கையால் தொடுவது தோலை இல்லை, அந்தப் படலத்தை. தேங்காய் எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகாது. மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும், வெள்ளை வேட்டியில் ஒட்டும். படலம் விரிசல் விட்டிருக்கும் இடத்தில் மட்டும் உள்ளே இறங்கித் திட்டுத் திட்டாகக் கறுப்பாக்கும். ஆலிவ் எண்ணெயும் அப்படித்தான். ஷூ பாலிஷ் இன்னும் மோசம், உட்காருகிறவர் துணிக்கு நிறம் ஏறிவிடும்.

வாட்டர் வாஷ் கடையில் அடிக்கும் பாலிஷ் பெரும்பாலும் டேஷ்போர்டுக்கும் டயருக்கும் போடுகிற சிலிகான் வகை. அடித்தவுடன் கண்ணைப் பறிக்கும். ஆனால் கம்பெனியிலிருந்து வரும்போது சீட் மங்கலான, பளபளப்பில்லாத பரப்பாகத்தான் இருக்கும். உங்கள் டிரைவர் சீட் ஓரத்தில் தெரியும் பளபளப்பு உடம்பு எண்ணெயும் வியர்வையும் தூசியும் சேர்ந்து அழுந்திய படிவு. சுத்தம் செய்து முடித்தபின் சீட் மங்கலாகத் தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். சிலிகான் அடித்த சீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னால் எப்போதாவது நிறம் கொடுக்க வந்தால் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது, முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் அது உண்மையில் லெதர்தானா என்று பாருங்கள். பழைய கார் வாங்கும்போது "லெதர் சீட்" என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் ரெக்சின் கவராகத்தான் என் கண்ணில் படுகிறது. சீட்டின் அடியில் ஜிப்போ கொக்கியோ இருக்கும் இடத்தில் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். நார் நாராக, வெல்வெட் மாதிரி இருந்தால் தோல். மேலே தெரியும் வரிகளை வைத்தும் வாசனையை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், இரண்டையும் ரெக்சினுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அசல் லெதர் சீட்டிலும் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோலாக இருக்கும், பக்கவாட்டும் முதுகுப்பக்கமும் ரெக்சினாக இருக்கும். அது ஏமாற்று வேலை இல்லை, பல கம்பெனிகளின் வழக்கம். ரெக்சினுக்கும் இதே முறையில் சுத்தம் செய்யலாம், கன்டிஷனர் மட்டும் தேவையில்லை.

லெதர்தான் என்றால் தலைச் சாய்மானத்தின் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் மேலே படலம் இருக்கிறது, தைரியமாகத் தொடரலாம். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிக் கறுத்தால் அது பூச்சில்லாத தோல். சில விலை உயர்ந்த வண்டிகளில் வரும். அதில் வீட்டில் கை வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. லெதருக்கென்று விற்கும், காரமில்லாத (சோப்பு, சோடாவில் இருக்கும் காரத்தன்மை இல்லாத) கிளீனர் ஒன்று. குதிரை முடியாலோ அதைப்போன்ற மென்மையான இழையாலோ செய்த பிரஷ். வெள்ளை மைக்ரோஃபைபர் துணி ஆறு ஏழு. வெள்ளைத் துணி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன். கிளீனர் உடனே கிடைக்காவிட்டால் அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு நாலைந்து சொட்டுப் போட்டு அதன் நுரையை மட்டும் பயன்படுத்தலாம். தண்ணீர் விஷயத்தில் ஒன்று: நம் ஊரில் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். குடிக்க வைத்திருக்கும் சுத்திகரித்த தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலைக்கும் இரண்டு லிட்டர் தாராளம்.

துணி சோப்பு, சலவைத்தூள், சமையல் சோடா, பல்பொடி எதுவும் வேண்டாம். தோலின் இயல்பு லேசான அமிலம், பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) கணக்கில் நான்கு ஐந்துக்குள் நிற்கும். சலவைத்தூள் ஒன்பது பத்து வரை போகும். அந்தக் காரம் மேல்படலத்தை இளக்கி நிறத்தைக் கழற்றும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிரீம் நிறச் சீட்டைச் சலவைத்தூளில் தேய்த்தேன். அழுக்கு போன மகிழ்ச்சியில் இன்னும் அழுத்தித் தேய்த்ததில் நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தச் சீட்டுக்கு முழுசாக நிறம் அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. கைக்குப் போடும் சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் இன்னும் வேகமாக அதே வேலையைச் செய்யும். கொரோனா சமயத்தில் ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் சானிடைசர் அடித்துத் துடைத்துத் துடைத்து நிறம் போன வண்டிகள் நிறைய வந்தன. வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சும் வேண்டாம். தொடுவதற்கு மென்மையாக இருந்தாலும் அது நுண்ணிய உப்புத்தாள்தான்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் சேலத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் கிளீனர் தடவிய இடத்திலேயே காய்ந்து திட்டாகும். அதிகாலை நல்லது. முதலில் வேக்கம். முன்பக்கம் மென்மையான முடி வைத்த மூக்கைப் போட்டு, தையல் மடிப்புகளை விரலால் விரித்து மண்ணை உறிஞ்சுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மண்ணை எடுக்காமல் ஈரத்துணி போட்டால் மணலை வைத்துத் தோலைத் தேய்க்கிறீர்கள். செட்டிச்சாவடிப் பக்கம் போய்வருகிற வண்டி என்றால் வெள்ளைக்கல் சுரங்கத் தூசி தையலுக்குள் மாவு மாதிரி நிற்கும், இரண்டு முறை வேக்கம் வைக்க வேண்டியிருக்கும்.

கிளீனரைச் சீட்டில் அடிக்காதீர்கள், பிரஷ்ஷில் அடியுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக், சீட் பெல்ட் வயர்கள் போகின்றன. மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக்குடையது, அதைக் கழற்றவோ நனைக்கவோ கூடாது. புள்ளிப் புள்ளியாகத் துளையிட்ட சீட் என்றால் அடித்த தண்ணீர் நேராக உள்ளே ஸ்பாஞ்சுக்குப் போய்விடும். காற்று வரும் சீட் என்றால் அங்கே மோட்டாரும் இருக்கிறது. பைப்பைப் பிடித்து உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுகிற வாட்டர் வாஷ் கடையில் லெதர் சீட் வண்டியை விடவே விடாதீர்கள். அப்படி ஒரு வண்டி மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தபடி என்னிடம் வந்தது. சீட்டைக் கழற்றி ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது தண்ணீர் ஒழுகியது.

கை அகலத்துக்கு ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு பிரஷ்ஷால் வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். நுரை பழுப்பாக வரும். அது உள்ளே உறைந்திருந்த அழுக்கு. உடனே துணியால் ஒற்றி எடுங்கள், நுரை சீட்டிலேயே காயக்கூடாது. வேறு துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு முறை துடைத்து, காய்ந்த துணியால் முடியுங்கள். டிரைவர் சீட் ஓரத்துக்கு மூன்று நான்கு முறை தேவைப்படும். ஒரே தடவையில் அழுத்தித் தேய்ப்பதைவிட மென்மையாக நான்கு தடவை செய்வது பாதுகாப்பு. உங்கள் வண்டியில் அந்த ஓரம் மட்டும் ஏன் இப்படிக் கறுத்தது என்று யோசித்தீர்களா? அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற இருபது, இறங்க இருபது. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு அந்த ஓரத்தில் சாய்ந்து உரசுகிறது, ஜீன்ஸ் போட்டிருந்தால் இன்னும் அதிகம். இது போக, வண்டிக்குள் ஏறி உட்காரும்போதும் இறங்கும்போதும் உரசல் வேறு. உட்காரும்போது ஓரத்தில் சறுக்கி உள்ளே போகாமல், முதலில் நடுவில் உட்கார்ந்து அப்புறம் காலை உள்ளே எடுத்தால் அந்த ஓரம் பல வருடம் கூட வரும்.

தலைப்பக்கப் பிசுக்கு தலை எண்ணெய்தான். எண்ணெய் வைக்காதீர்கள் என்று நம் வீடுகளில் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. மேலே சொன்ன முறையிலேயே இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பத் துடையுங்கள், விரிசல் வழியாக உள்ளே இறங்கிய எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அதன்பின் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைத் தலைச் சாய்மானத்துக்கு உறையாகத் தைத்துப் போட்டு, வாரம் ஒரு முறை துவைத்துவிடுங்கள். மல்லிகைப்பூ நசுங்கினாலும் பழுப்புக் கறை விழும், அன்றைக்கே துடைத்தால் போய்விடும்.

மஞ்சள் கறையில் பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். குழம்புக் கறை பட்ட சட்டைக்குச் சோப்புப் போட்டவுடன் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளோடு காரம் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். பெய்ஜ் சீட்டில் சோப்பைப் போட்டால் மஞ்சள் கறை செங்கறையாகும். காரமில்லாத கிளீனரால் மேலே இருப்பதை எடுத்துவிட்டு மீதியை வெளிச்சத்திடம் விடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக வெளிறும். இதற்காக வண்டியை வெயிலில் போட வேண்டாம், கண்ணாடி வழியாக வரும் பகல் வெளிச்சமே சில வாரத்தில் செய்துவிடும். குங்குமமும் விபூதியும் கொட்டினால் ஈரம் படுமுன் வேக்கத்தால் எடுத்துவிடுங்கள். ஈரக்கை பட்டால் குங்குமம் சாயமாக இறங்கிவிடும். புது ஜீன்ஸின் நீலமும் இதே வகை. ஒரு வாரத்துக்குள் என்றால் கிளீனருக்கு வரும், மாதக்கணக்கில் விட்டால் மேல்படலத்துக்குள்ளேயே ஊறிவிடும். பால்பாயின்ட் பேனா கோடு பட்டால் நீங்கள் எதுவும் செய்யாமல் சீட்டுக்கு நிறம் கொடுப்பவரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் தேய்த்தால் கோடு திட்டாகப் பரவும்.

அடுத்தது பூஞ்சை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டருக்குப் பக்கம். கீழே சூடாக இருந்த வண்டி மேலே பனிமூட்டத்தில் போய் நிற்கிறது. உள்ளே நனைந்த குடை, ஈர ஜெர்கின், மிதியடியில் மண்ணும் ஈரமும். கண்ணாடியை ஏற்றி, மேலே பிளாஸ்டிக் கவரும் போட்டுவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. பூஞ்சைக்கு ஈரமும் சாப்பாடும் வேண்டும். சாப்பாடு தோலைவிட அதன் மேலுள்ள வியர்வையும் எண்ணெயும்தான். தேங்காய் எண்ணெய் தடவிய சீட்டில் பூஞ்சை அதிகமாகப் பிடிப்பது இதனால்தான். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பூஞ்சை பிடித்தால் வண்டியை மலையிலிருந்து கீழே கொண்டுவந்து, திறந்தவெளியில் நான்கு கதவையும் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, காய்ந்த துணியால் சீட்டை உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். அப்புறம் கிளீனர், நிழல்காற்றில் முழுக்கக் காயவைத்தல். மிதியடியைத் தூக்கி அடிக்கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும், அதைக் காயவைக்காமல் சீட்டைத் துடைத்தால் அடுத்த வாரமே திரும்பி வரும். ஏசி ஃபில்டரையும் மாற்றுங்கள். இனி மேலே போகும்போது சேருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏசியை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், குளிர்ந்த கம்பிச்சுருளில் நிற்கும் ஈரம் காயும். ஷெட்டுக்குள் நிறுத்துவதானால் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். திறந்தவெளி என்றால் ஏற்றித்தான் வைக்க வேண்டும். சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சீட்டுக்கடியில் போடலாம், மாதம் ஒரு முறை எடுத்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

கன்டிஷனருக்குக் குறைவாகத்தான் சொல்ல இருக்கிறது. படலம் போட்ட லெதரில் அது ஆழமாக இறங்காது. மேல்படலத்தை விறைக்காமல் வைத்து, உராய்வைக் குறைத்து, நுண்ணிய விரிசல் இருந்தால் கொஞ்சம் ஈரப்பசை கொடுக்கும், அவ்வளவுதான். தண்ணீர் அடிப்படையில் செய்தது, சிலிகான் இல்லாதது, "பளபளப்பு" என்று விளம்பரம் செய்யாதது என்று பார்த்து வாங்குங்கள். சுத்தம் செய்த சீட் குறைந்தது ஒரு மணி நேரம் காய்ந்திருக்க வேண்டும். பாதிச் சீட்டுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும். ஸ்பாஞ்சில் எடுத்து மெலிதாகப் பரப்பி, இருபது நிமிடம் கழித்துக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக்கூடாது. இருந்தால் அதிகமாகிவிட்டது, இன்னொரு முறை துடையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை. கோடை தொடங்குமுன் ஒன்று கட்டாயம், ஐப்பசி மழையில் தவிர்க்கலாம். ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள், அந்த வளைவுகளில் கை வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்ஸ், குதிரைச் சேணம் ஆகியவற்றுக்கான எண்ணெயும் சோப்பும் உங்கள் சீட்டுக்கு ஆகாது.

கன்டிஷனரைவிட அதிகம் காப்பாற்றுவது முன் கண்ணாடிக்கு வைக்கும் நூறு இருநூறு ரூபாய் வெயில் தடுப்பு அட்டை. வெயிலில் நின்ற வண்டியில் சீட்டின் மேல்பகுதி, முன் கண்ணாடியைப் பார்த்திருக்கும் பரப்பு, இரண்டும்தான் முதலில் வெளிறி விறைக்கும். வாரம் ஒரு முறை காய்ந்த மைக்ரோஃபைபரால் சும்மா ஒரு துடைப்பு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை முறையான சுத்தம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

வெள்ளைத் துணி ஏன் என்று சொல்கிறேன் என்றேன். துடைக்கும்போது துணியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பழுப்பும் கறுப்பும் வந்தால் அழுக்கு, தொடரலாம். சீட்டின் பெய்ஜ் நிறமே துணியில் வந்தால் அந்த இடத்தில் மேல்படலம் போய்விட்டது, உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே விழுந்த வெடிப்பை எந்தக் கன்டிஷனரும் ஒட்டாது. வெடிப்பை நிரப்பி, சீட்டின் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் பொருத்தி, மேலே படலம் போடுவதுதான் வழி. முழுச் சீட் கவர் மாற்றுவதைவிட அது மிகவும் குறைவாக முடியும். உங்கள் டிரைவர் சீட் ஓரத்தை முதலில் சுத்தம் செய்து பாருங்கள். கறுப்பு போனபின் அடியில் நிறம் முழுசாக இருந்தால் செலவு கிளீனரோடு முடிந்தது. வெளிறிய திட்டுத் தெரிந்தால் அதற்கு மேல் எதுவும் தடவாமல் நிறம் கொடுப்பவரிடம் அப்படியே காட்டுங்கள்.